மக்கள் பங்கும் ஆய்வின் நம்பகமும்: கடலூரும் தூத்துக்குடியும் முன்வைத்து

நலவாழ்வு ஆய்வுகளில் நோயாளிகளும் பொதுமக்களும் என்ன செய்தார்கள் என்று எழுதிவைக்கும் பழக்கம் நம் ஆய்வுலகில் இன்னும் வேரூன்றவில்லை. எழுதும்போதும் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறோம். மக்களின் பங்கு முறையியல் பகுதிக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை விட்டுவிட்டு வெளியிடப்படும் முடிவுகளை வாசகர் சரியாக எடைபோட முடியாது.

வெளிநாட்டு இதழ்கள் இதற்கு விதி வகுத்துள்ளன. ஆய்வைத் திட்டமிடுவதில் நோயாளிகளுக்குப் பங்கு இருந்ததா என்று கட்டுரையாளர்கள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிட்டனின் பிஎம்ஜே இதழ் 2014-இல் கேட்கத் தொடங்கியது. விதிக்கு முந்தைய ஓராண்டில் அவ்விதழில் வந்த 189 ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றே ஒன்றுதான் அத்தகைய பங்கைக் குறிப்பிட்டிருந்தது. விதிக்குப் பிந்தைய ஓராண்டில் 152 கட்டுரைகளில் 16 குறிப்பிட்டன. 2017-இல் சோபி ஸ்டானிஷெவ்ஸ்காவும் சக ஆய்வாளர்களும் 'கிரிப் 2' என்ற பதிவு நெறியை வெளியிட்டார்கள். அதன் விரிந்த வடிவில் 34 கூறுகள், சுருக்க வடிவில் ஐந்து. நல்ல முயற்சிதான். ஆனால் ஆய்வாளர் அழைப்பார், மக்கள் வருவார்கள் என்ற எண்ணத்திலேயே அது நிற்கிறது. தமிழ்நாட்டில் மக்கள் பல நேரங்களில் அழைப்புக்குக் காத்திருந்ததில்லை.

கடலூர் சிப்காட் வேதித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்களின் மக்கள் 2004-இல் தங்கள் காற்றைத் தாங்களே சோதிக்க முனைந்தார்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன வாடை அடித்தது, அப்போது கண் எரிந்ததா, மூச்சு முட்டியதா என்று குறித்துவைத்தார்கள். காற்றைப் பிடிக்க அவர்கள் பயன்படுத்தியது ஒரு வாளி. மூடிய வாளிக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், உள்ளே பொருத்திய பை விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். 1990-களில் கலிபோர்னியாவில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே வாழ்ந்தவர்களுக்காக உருவான முறை இது. கடலூர்ப் பைகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. புற்றுநோயை உண்டாக்கவல்ல வேதிப்பொருள்களும் அவற்றில் இருந்தன.

இங்கே மக்களின் பங்கை விவரிக்காமல் முடிவை மட்டும் வெளியிட்டால் என்ன ஆகும்? வாளி பிடிப்பது சில நிமிடக் காற்றை. அந்தச் சில நிமிடங்கள் எவை என்று முடிவெடுத்தது ஊராரின் மூக்கு. வாடை மிகும் வேளையில் எடுத்த காற்று, அப்பகுதி மக்கள் ஆண்டு முழுவதும் சுவாசிக்கும் காற்றின் சராசரி அளவைக் காட்டாது. அதே சமயம், ஆய்வாளர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பினால் ஒருபோதும் பிடிபடாத இரவுநேரக் கசிவுகளை அது காட்டிவிடும். இந்த இரண்டையும் வாசகர் அறிய வேண்டுமானால், யார், எப்போது, ஏன் வாளியைத் திறந்தார்கள் என்பது அறிக்கையில் இருந்தாக வேண்டும். ஊர்மக்கள் ஒருசார்பானவர்கள் என்று தள்ளுவோருக்கும் இதையே பதிலாகச் சொல்வேன். சார்பு இருக்குமானால், அதை அளப்பதற்கு முதல் தேவை முழுமையான பதிவு.

தூத்துக்குடியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் பகுதியில் வாழும் மக்களின் உடல்நிலை குறித்து, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை செய்த ஆய்வு 2008-இல் வந்தது. 80,000-க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய அந்த ஆய்வில் மூச்சுநோய்கள் கூடுதலாக இருப்பதாகக் கண்டறியப்பட்டது. 2018 மே மாதத்தில் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததை ஒட்டி அந்த எண்கள் நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டன. மூடப்பட்ட ஆலையைத் திறக்கக் கோரிய வழக்கு, 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. இத்தனை எடை சுமக்கும் எண்களைப் படிப்பவர் சிலவற்றை அறிய உரிமையுள்ளவர். கேள்விகளை வகுக்கும்போது ஊராரைக் கலந்துகொண்டார்களா? வீட்டு வாசலில் கேள்வி கேட்டவரை மக்கள் யாருடைய ஆள் என்று நினைத்தார்கள்? பூசல் நடக்கும் ஊரில் 'இளைப்பு உண்டா' என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், கேட்பவர் மீதுள்ள நம்பிக்கையைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யும். அந்த நம்பிக்கை எப்படிப் பெறப்பட்டது என்பது மாதிரியின் அளவுக்கு நிகரான முறையியல் தகவல்.

வழக்கும் பூசலும் இல்லாத ஆய்வுக்கும் இது பொருந்தும். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்தபடியே மருந்துண்ட நோயாளிகள் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைவதை 1959-இல் உலகுக்குக் காட்டியது. அதைத் தமிழ்நாடு உலகுக்கு அளித்த கொடை என்றே சொல்வேன். வீடுகளில் முன்னறிவிப்பின்றி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கு நோய் தொற்றியதா என்றும் தொடர்ந்து கவனித்தார்கள். ஆனால் ஓராண்டுக் காலம் வேளை தவறாமல் மருந்து எடுத்துக்கொடுத்த தாயும் மனைவியும் அந்த வெற்றியில் எவ்வளவு பங்கு வகித்தார்கள் என்பது தெரிந்தால்தான், அவர்கள் இல்லாத வீட்டில் இதே சிகிச்சை பலிக்குமா என்று சொல்ல முடியும்.

இன்றைய சட்டம் இதில் பாதி தூரமே வந்திருக்கிறது. 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், நெறிமுறைக் குழுவில் துறை சாராத பொதுநபர் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் சமுதாயத்தை ஆய்வில் ஈடுபடுத்தச் சொல்கின்றன. மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான உலகளாவிய ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2024 திருத்தம், அந்த ஈடுபாடு ஆய்வுக்கு முன்பும் நடுவிலும் பின்பும் தொடர வேண்டும் என்கிறது. குழுவில் ஒரு நாற்காலி போட்டுவிட்டதால் மட்டும் அது நடந்துவிடாது.

நாளை எட்டயபுரத்துக் கைத்தறி நெசவாளர்களின் கண்ணையும் முதுகையும் பற்றி ஓர் ஆய்வு தொடங்குவதாகக் கொள்வோம். மருத்துவமனைக்குப் போகும் நாளில் கூலி போய்விடுகிறதே, அதையும் கணக்கெடுங்கள் என்று அவர்கள் கேட்கக்கூடும். அக்கேள்வி சேர்க்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, மறுத்தது யார், என்ன காரணம் சொன்னார்கள் என்பதற்குக் கிரிப் 2-இன் சுருக்க வடிவில் தனியிடம் இல்லை. தமிழ் ஆய்விதழ்கள் அந்த இடத்தை உண்டாக்கலாம். முடிவுகளை நெசவாளர்களிடம் தமிழில் வாசித்துக் காட்டியபோது அவர்கள் மறுத்துச் சொன்னவற்றையும், அட்டவணைகளை அச்சிடும் அதே கட்டுரையில் அச்சிடலாம்.