காற்றுக்கு மறைவான கரை: கேம்பல் பேயும் அடியில் கிடந்த அடுக்கும்

கிரேட் நிகோபார் தீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது கேம்பல் பே. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தைத் தீவின் நடுவிலுள்ள மலைகள் தணித்துவிடுவதால், கடலின் சீற்றம் பெரும்பாலும் மேற்குக் கரையோடு நின்றுவிடும். 1969 முதல் பஞ்சாப், மகாராட்டிரம், கேரளம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இந்தக் கிழக்குக் கரையில்தான் குடியமர்த்தப்பட்டன. காற்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அது குறைகாண இயலாத இடம்.

அதே 1969இல், நாட்டின் மறுகோடியான மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அத்துறையின் அடிப்படைப் பாடம் ஒன்று இங்கும் பொருந்தும். காற்று, மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவிக்கிறது. காற்றுக்கு மறைவான அச்சரிவு அமைதியாகத் தோன்றும்; ஆனால் அங்கே இறுகிய பனிப்பாளம், வலுவற்ற பழைய அடுக்கின்மேல் கிடக்கக்கூடும். பனிச்சறுக்கில் செல்லும் ஒருவரின் எடையே அதைச் சரித்துவிடப் போதும். ஆகவே தேர்ந்தவர்கள் வானத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், குழி தோண்டிப் பனியின் அடுக்குகளையும் ஆராய்கின்றனர்.

நிகோபாரைப் பற்றிய எழுத்தாவணங்கள் மேலடுக்கை மட்டுமே காட்டின. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, சென்னை, நாகப்பட்டினத்து அலைமானிகளில் பதிவாயிற்று. ஆயினும் அது பேரழிவை விளைவிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 9.1 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்தபோது, கிரேட் நிகோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று. மேற்குக் கரையின் நிகோபாரி ஊர்களோடு, காற்றுக்கு மறைவான கிழக்குக் கரைக் குடியிருப்புகள் பலவும் அழிந்தன.

குழி தோண்டும் பணி அதன் பின்னரே வலுப்பெற்றது. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் மண்ணடுக்குகளை ஆராய்ந்தவர்கள், 2004க்கு ஒப்பான பேரலை ஏறத்தாழ 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன்பும் வந்துசென்றதை மணற்படிவின்வழி நிறுவி, 2008இல் வெளியிட்டனர். ஏடுகள் மறந்ததை மணல் மறக்கவில்லை.

இன்று அதே தீவின் கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகம் திட்டமிடப்பட்டு, 2022இல் சுற்றுச்சூழல் அனுமதியும் வழங்கப்பட்டுள்ளது. அங்கு குடியேறவிருப்போரின் பாதுகாப்பு, நூற்றைம்பது ஆண்டு ஏடுகளை நம்புவதா, எழுநூறு ஆண்டு மணலையும் கணக்கில் கொள்வதா என்னும் முடிவைப் பொறுத்தது.