பயமுறுத்த மறுத்த பேய்ப்படம்

1977 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் திகதி அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது ‘எக்ஸோசிஸ்ட் 2: த ஹெரடிக்’ என்ற திரைப்படம். நடுங்குவதற்கென்று நுழைவுச்சீட்டு வாங்கிச் சென்ற இரசிகர்கள் அரங்குகளில் வாய்விட்டுச் சிரித்தார்கள். முதற்படத்தின் மூலநாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே தாமும் சிரித்ததாகப் பின்னர் கூறியிருக்கிறார். ஒரு பேய்ப்படத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் நேர முடியாது.

1973 டிசம்பரில் வெளியான முதற்படத்தை எமது தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய அந்தப் படம் பத்து ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்று இரண்டு விருதுகளை வென்றது; வோர்னர் நிறுவனத்தின் கல்லாவை நிரப்பியது. அடுத்த பாகத்தைப் பற்றி நிறுவனம் சிந்தித்ததில் வியப்பில்லை. ஆரம்பத் திட்டம் மிகச் சிக்கனமானது. பேயோட்டும்போது இறந்த மெரின் பாதிரியாரின் மரணத்தை இன்னொரு குருவானவர் விசாரிப்பார். முதற்படத்தில் பயன்படுத்தாமல் எஞ்சிய காட்சிகளையும் சேர்த்து ஒப்பேற்றிவிடலாம். நேர்மையாகச் சொன்னால் இது கடைந்தெடுத்த வியாபாரக் கணக்கு.

இந்தக் கணக்கைக் குழப்பியவர் இயக்குநராக அமர்த்தப்பட்ட ஜோன் போர்மன். ‘டெலிவரன்ஸ்’ (1972) என்ற சிறந்த படத்தைத் தந்தவர். முதற்படத்தை இயக்கும் வாய்ப்பு தம்மிடம் வந்தபோது, ஒரு சிறுமியை வதைக்கும் கதை என்று அருவருத்து மறுத்தவரும் அவரே. அப்படிப்பட்டவரிடம் அதன் தொடர்ச்சியை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? முதற்படத்துக்கு ஒரு மறுப்புரை எழுத முனைந்தார் அவர்.

அவரைக் கவர்ந்தது பேயன்று. பிரான்ஸ் நாட்டு யேசு சபைத் துறவியும் தொல்லுயிரியல் அறிஞருமான தெயார் த ஷார்டனின் (1881–1955) சிந்தனை. மனித மனங்கள் யாவும் ஒன்றையொன்று நெருங்கி ஈற்றில் ஒரே உணர்வாகக் கலக்கும் என்று கருதியவர் அவர். தம் சமயச் சிந்தனை நூல்களை உயிரோடிருக்கும்போது வெளியிடத் திருச்சபை அவரை அனுமதிக்கவில்லை. 1962 இல் அவருடைய எழுத்துகள் குறித்து வத்திக்கான் எச்சரிக்கையும் விடுத்தது. மெரின் பாத்திரத்தைப் பிளாட்டி உருவாக்கியபோதே அதில் தெயாரின் சாயல் இருந்தது. ஆகவே இரண்டாம் படத்தில் மெரினின் எழுத்துகள் பேதகமா என்ற கேள்வி எழுப்பப்படுவது வலிந்து புகுத்தியதன்று. தலைப்பின் பொருளும் இதுதான். பேய்ப்படத்துக்குள் இவ்வளவு கனமான ஒரு விவாதத்தைக் கொண்டுவர எத்தனை பேர் துணிவார்கள்?

துணிவு வேறு, படம் வேறு. இரண்டு பேரை ஒரே மயக்க நிலைக்குக் கொண்டுசெல்லும், விளக்குகள் மின்னும் ஓர் இயந்திரம். வெட்டுக்கிளியின் சிறகிலேறி ஆபிரிக்காவைக் கடக்கும் பேய். வெட்டுக்கிளி வேடத்தில் ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்ஸ்! ரிச்சர்ட் பேர்ட்டன் போன்ற மகாநடிகர் இவற்றினிடையே முழங்கும்போது இரசிகன் சிரிக்காமல் என்ன செய்வான்? எத்தியோப்பியக் காட்சிகள் கலிபோர்னியக் கலையகத்துக்குள்ளேயே படமாக்கப்பட்டன. இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட வெட்டுக்கிளிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. புழுதியிலுள்ள பூஞ்சையால் வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சலில் போர்மன் வீழ்ந்ததால் படப்பிடிப்பு ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. கதையோ படப்பிடிப்பு நடக்கையிலேயே மாற்றி மாற்றி எழுதப்பட்டது. எள்ளளவு செலவில் முடியவிருந்த படம் சுமார் 1 கோடி 40 இலட்சம் டொலரை விழுங்கியது.

இதில் ஒரு வேடிக்கையுண்டு. சிறகுகள் உரசுவதால்தான் சாதுவான வெட்டுக்கிளிகள் வெறிகொண்ட கூட்டமாக மாறுகின்றன என்று படத்தில் வரும் விளக்கத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். பாலைவன வெட்டுக்கிளியின் பின்னங்காலில் மீண்டும் மீண்டும் ஏற்படும் உரசல் அதைக் கூட்டமாகச் சேரும் இயல்புக்கு மாற்றுகிறது என்று 2001 இல் ஆய்வாளர்கள் காட்டினர். அம்மாற்றத்தில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் பங்கு 2009 இல் வெளியாயிற்று. சிறகு காலாகிவிட்டதே தவிர, போர்மன் முற்றாகக் கதையளக்கவில்லை.

சிரிப்பொலி கேட்டதும் போர்மன் அவசரமாகப் படத்தை வெட்டினார், முடிவையும் மாற்றினார். பயனில்லை. இரசிகர்கள் எதிர்பார்த்த பயங்கரத்தைக் கொடுக்காததே தாம் செய்த பாவம் என்று அவர் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டார். என் கருத்தில் இது பாதி உண்மையே. பயங்கரத்துக்குப் பதிலாக அவர் கொடுக்க விரும்பியது எண்ணமாகவே நின்றது, காட்சியாக உருப்பெறவில்லை. ஆயினும் பொலின் கேல் போன்ற கண்டிப்பான விமர்சகரும் மார்ட்டின் ஸ்கோர்சிஸியும் இப்படத்தை மெச்சியவர்கள் என்பதையும் எனியோ மொரிக்கோனியின் இசையையும் மறந்து தீர்ப்பெழுதுவது நியாயமன்று.

இந்தத் தோல்வியிலிருந்து ஹொலிவூட் கற்ற பாடம்தான் எனக்கு வருத்தம் தருவது. 1990 இல் பிளாட்டியே மூன்றாம் பாகத்தை இயக்கியபோது, பேயோட்டும் காட்சி இல்லையென்று சொல்லி, கடைசியில் ஒன்றைச் சேர்க்கவைத்தார்கள். போல் ஷ்ரேடர் எடுத்து முடித்த முற்கதைப் படம் போதிய பயமூட்டவில்லையென்று ஒதுக்கப்பட்டது. ரெனி ஹார்லினைக் கொண்டு பெரும்பகுதியை மீண்டும் எடுத்து 2004 இல் வெளியிட்டார்கள். அதுவும் ஏச்சு வாங்கவே, அடுத்த ஆண்டு ஷ்ரேடரின் படத்தைத் தூசு தட்டி வெளியே விட்டார்கள். பின்னர் யுனிவர்சல் நிறுவனம் சுமார் 40 கோடி டொலர் உடன்படிக்கையில் மூன்று புதிய படங்களுக்குத் திட்டமிட்டது. 2023 இல் முதலாவது வந்தது; விமர்சகர்கள் அதைக் கிழித்தெறிந்தனர். 2025 ஏப்ரலுக்கென்று அறிவிக்கப்பட்டிருந்த அடுத்த படம் வெளியீட்டு அட்டவணையிலிருந்து அகற்றப்பட்டது.