ராமானுஜனின் இரண்டு விண்ணப்பங்கள்

மன்னார்குடியில் 'பயோடேட்டா ஒண்ணு அடிச்சுக் குடுங்க' என்றால் வருவது பழகிய அச்சுதான்: அப்பா பெயர், படிப்பு, மதிப்பெண், உறுதிமொழி. பரீட்சையில் தவறிய பிள்ளை அதில் என்ன எழுதுவான்? டெல்டாவுக்கு இது பழைய கேள்வி. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனுக்கும் இருந்தது.

எஃப்.ஏ. தேறாதவர் அவர். 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகத்துக்கு குமாஸ்தா வேலை கேட்டு அவர் எழுதியது சில வரிகள்தான். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலையால் தொடர முடியாததையும் ஒரே வரியில் கடந்தார். கணிதத்திலேயே முழுநேரமும் இருப்பதாகச் சொல்லி, மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் பரிந்துரையை இணைத்தார். மாதம் 30 ரூபாய்க்கு வேலை கிடைத்தது.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதியது வேறு மாதிரி. குமாஸ்தா வேலை, சொற்பச் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதெல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. 25 வயதை மட்டும் 'சுமார் 23' என்றார்! பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். முன்பு அதே ஊரின் பேக்கரும் ஹாப்சனும் கைகொடுக்கவில்லை. ஹார்டி உட்கார்ந்து படித்தார்.

துறைமுக அலுவலகத்துக்குத் தேவைப்பட்டது நம்பகமான ஒருவரின் கையெழுத்து. ஹார்டிக்குத் தேவைப்பட்டது செய்த வேலை. ஆள் ஒருவர்தான், படிப்பவரைப் பார்த்து விண்ணப்பத்தின் வடிவம் மாறியது. இரண்டிலும் படிப்பில் இருந்த குறையை அவர் ஒளிக்கவில்லை, அதை வைத்துப் புலம்பவும் இல்லை. அதற்கு ஒரு வரி போதும். மீதித் தாள் தெரிந்த வேலைக்கு.