வெடிமருந்தைத் தெரிவுசெய்தல்: ஒரு பண்டத்தின் சமூக வரலாறு

1

சுட்டபின் எஞ்சும் பித்தளைத் தோட்டாக் கூட்டினை எறிந்துவிடாது, புதிய மருந்தும் சன்னமும் இட்டு மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக நிலவிவருகின்றது. இத்துறைக்குப் புதிதாக வருபவர் எவரும் முதலிலே கேட்கும் வினா ஒன்றுண்டு: எனது றைபிளுக்கு எந்த மருந்தைத் தெரிவது? கடையின் தட்டுகளில் எண்களும் எழுத்துகளும் பொறிக்கப்பெற்ற தகரங்களும் குடுவைகளும் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பொருந்தும். மற்றொன்று துவக்கையும் அதனை ஏந்தியவனையும் சிதறடிக்கும்.

இவ்வினா தொழில்நுட்பஞ் சார்ந்தது மட்டுமே என்று தோன்றலாம். ஆயின், எந்தப் பண்டமும் தன் வரலாற்றை மறைத்துக்கொண்டே சந்தைக்கு வருகின்றது. அந்த மருந்தை ஆக்கியோர் யாவர், அதனைத் தெரியும் உரிமை யாரிடம் இருந்தது, தெரிவு பிழைத்தபோது உயிர்கொடுத்தோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பும்போதே முதல் வினாவின் முழுப் பொருளும் விளங்கும். படைக்கலங்களின் வரலாறு வீரத்தின் வரலாறன்று, கைத்தொழிலின் வரலாறே என்பதை ஏங்கெல்ஸ் 1878 இல் நூலாக வெளிவந்த ‘டூரிங்குக்கு மறுப்பு’ என்னும் ஆக்கத்திலே வலியுறுத்தினார். அந்நோக்கிலே மருந்துத் தெரிவின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கரிமருந்து, வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. சீனத்தில் 1044 இல் தொகுக்கப்பட்ட படைத்துறை நூலொன்றிலே இதன் எழுத்து வடிவிலான குறிப்புகள் காணப்படுகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இதனை ஈரப்படுத்திக் குறுணைகளாக்கக் கற்றனர். அதற்கு முன்னர் வண்டிப் பயணத்தின் குலுக்கலிலே மூன்று பொருள்களும் தனித்தனியே பிரிந்து போவதுண்டு. குறுணையாக்கம் அக்குறையை நீக்கியதோடு மருந்துத் தெரிவுக்கும் வழிவகுத்தது. பெருங்குறுணை மெதுவாக எரிந்தது. அது பீரங்கிக்கு உரியதாயிற்று. நுண்குறுணை விரைந்து எரிந்தது. அது கைத்துவக்குக்கு உரியதாயிற்று. ஆக, பல நூற்றாண்டுகளாகத் தெரிவு என்பது குறுணையின் பருமனைத் தெரிவதாகவே இருந்தது. அதனைக் கண்ணாலே கண்டு விரலாலே தொட்டு அறிய முடிந்தது.

இக்கலவையின் பெரும்பகுதி வெடியுப்பாகும். ஐரோப்பிய அரசுகளின் போர்களுக்கு வேண்டிய வெடியுப்பின் முதன்மையான ஊற்றாகப் பதினேழாம் நூற்றாண்டு தொடக்கம் பீகார் விளங்கியது. உவர்மண்ணைச் சுரண்டி, நீரிலே கரைத்து வடித்து, காய்ச்சி உப்பெடுத்தவர் நுனியா எனப்பட்ட தாழ்த்தப்பட்ட சாதியினர். இடைத்தரகர் கொடுத்த முற்பணம் அவர்களை அத்தொழிலிலே பிணைத்து வைத்தது. பிளாசிப் போரின் அடுத்த ஆண்டான 1758 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி பாட்னா வெடியுப்பின் தனியுரிமையைப் பெற்றுக்கொண்டது. உலக மேலாதிக்கத்துக்கான போர்களிலே இங்கிலாந்துக்குக் கிடைத்த மாபெரும் வாய்ப்புகளுள் இதுவும் ஒன்று. நுனியாக்களின் பெயரை அப்போர்களின் வரலாறுகளிலே தேடுவது வீண்முயற்சியாகும். நமது மலைநாட்டிலும் இத்தொழில் நிலவியது. மீமுரைப் பகுதியிலுள்ள வெடியுப்புக் குகையினை ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய நூலிலே விவரித்துள்ளார்.

3

பிரான்சிலே வெடிமருந்து ஆக்கம் 1775 இல் அரச நிருவாகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பொறுப்பானவருள் ஒருவர் புகழ்பெற்ற வேதியியலாளர் லவோசியே. அவரிடம் தொழில் பயின்ற டியூபோன் என்னும் இளைஞர் புரட்சிக்குப்பின் அமெரிக்கா சென்று, 1802 இல் டெலவெயர் மாநிலத்தின் பிராண்டிவைன் ஆற்றங்கரையிலே ஆலையொன்றைத் தொடங்கினார்.

அவ்வாலைக் கட்டிடங்களின் அமைப்பு சிந்தனைக்குரியது. மூன்று பக்கமும் தடித்த கற்சுவர். ஆற்றை நோக்கிய நான்காம் பக்கமும் கூரையும் மட்டும் மெல்லிய மரத்தாலானவை. வெடிப்பு நிகழின் அதன் விசை ஆற்றின் பக்கம் வெளியேறும். அயலிலுள்ள கட்டிடங்கள் தப்பிவிடும். உள்ளே நின்றவன் தப்புவதற்கு வழியில்லை. விபத்திலே மாண்டவனை ‘ஆற்றைக் கடந்து போய்விட்டான்’ என்று தொழிலாளர் கூறுவது வழக்கமாயிற்று. அவர்களுள் பலர் பஞ்சத்துக்கும் நிலவுடைமைக் கொடுமைக்கும் தப்பி வந்த ஐரிஷ் மக்கள். 1818 இல் நிகழ்ந்த வெடிப்பொன்றிலே மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூலதனம் தன் இழப்பைக் கணக்கிட்டுச் சுவர் எழுப்பியமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

1872 இல் டியூபோன், ஹசார்ட், லாஃப்லின் அன்ட் ரான்ட் ஆகிய நிறுவனங்கள் முன்னின்று வெடிமருந்து வணிகச் சங்கமொன்றை அமைத்து விலைகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. நான்கு ஆண்டுகளிலே ஹசார்ட் நிறுவனம் டியூபோனின் கைக்குள் சென்றது. பெயர்ப்பலகை மட்டும் பழையபடியே தொங்கிற்று. பல பெயர், ஒரே முதலாளி என்னும் நிலை அன்றே தோன்றிவிட்டது.

4

உலோகக் கூட்டுத் தோட்டா பரவிய 1870களிலேயே தோட்டா மீள்நிரப்பல் தனியாள் தொழிலாக வளர்ந்தது. மேற்குச் சமவெளியிலே காட்டெருமைகளை வேட்டையாடியோர் சந்தைக்குத் தொலைவிலிருந்தனர். ஆலைத் தோட்டா விலைகூடியது. எனவே மருந்தும் ஈயமும் வாங்கி, இரவில் கூடாரத்திலே சன்னம் வார்த்துத் தோட்டா நிரப்பினர். அவ்வெருமைகளின் தோல் கிழக்குப் பகுதியின் ஆலைகளிலே இயந்திரங்களை இணைக்கும் பட்டிகளாயிற்று. 1883 அளவில் வடக்கு மந்தையும் அழிந்தது. அவ்விலங்கினை வாழ்வாதாரமாகக் கொண்ட லக்கோட்டா, ஷெயன், கொமாஞ்சி முதலிய மக்களின் சுதந்திர வாழ்வும் அதனோடு குலைந்தது. மீள்நிரப்புவோனின் சிறு அளவைக் கிண்ணம் இவ்வாறு உலகச் சந்தையோடு பிணைந்திருந்தது.

அக்கால மருந்துத் தெரிவு எளிதானது. 45-70 என்னும் படைத் தோட்டாவின் பெயரே பாடமாக அமைந்தது. முதலாம் எண் குழலின் விட்டம், அங்குலத்தின் நூற்றிலொரு கூறுகளில். இரண்டாம் எண் கரிமருந்தின் நிறை, கிறெயின் அளவில். கூட்டை நிரப்பினால் அளவு சரி. மேலும் இடுவதற்குக் கூட்டிலே இடமில்லை. 1884 இல் ஜோன் பார்லோ நியூஹேவன் நகரிலே தொடங்கிய ஐடியல் நிறுவனம் இடுக்கி வடிவிலான கைக்கருவிகளையும் அவற்றுக்கான கையேடுகளையும் பரப்பிற்று. கண்ணளவும் கைப்பழக்கமும் போதிய அறிவாயிருந்த காலம் அது.

5

அதே 1884 இல் பிரான்சின் போல் வியேய் புகையற்ற மருந்தினை ஆக்கினார். இரண்டாண்டுகளிலே அதற்கேற்ப லெபெல் றைபிள் வந்தது. 1887 இல் நோபெலின் பலிஸ்டைட்டும், 1889 இல் ஆபெல், டுவார் ஆகியோரின் கோடைட்டும் தொடர்ந்தன. இவற்றின் அடிப்படை நைத்திரோசெலுலோசு. 1846 இல் ஷொன்பைன் கண்ட வெடிப்பஞ்சு அடக்கவொண்ணாதது. 1847 இல் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஆலையிலே தொழிலாளர் பலரை அது பலிகொண்டது. அப்பொருளைக் கரைப்பானிலே பசையாக்கி, அடுக்கடுக்காக எரியச் செய்தமையே வியேயின் சாதனை.

இங்கு அளவு மாற்றம் பண்பு மாற்றமாயிற்று. கரிமருந்து எரிந்தால் அதிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மமாகவே எஞ்சும். புகையும் குழலிற் படியும் கரியும் அதுவே. புதிய மருந்து ஏறத்தாழ முழுவதும் வாயுவாகின்றது. அன்றியும், அமுக்கம் உயர உயர அதன் எரிவேகமும் உயர்கின்றது. எனவே சிறிதளவு மிகுதியே அமுக்கத்தைப் பன்மடங்காக்கி விடலாம். கூட்டை நிரப்பினாற் போதும் என்ற பழைய அறிவு கொலைக்கருவியாக மாறியது. இடைமாற்றக் காலத்திலே கரிமருந்தின் கன அளவுக்கே இடத்தக்கவாறு செய்யப்பட்ட பருமருந்துகளும், அவ்வாறு இடவே கூடாத செறிமருந்துகளும் ஒருங்கே விற்பனையாயின. இரண்டையும் வேறுபிரித்து அறியாதார் கைகளில் துவக்குகள் வெடித்தன. நேற்றைய கைவினைஞன் இன்று புதியவனானான். மருந்தின் இயல்பைக் கண்ணும் விரலும் கூறவில்லை. ஆய்வுகூடத்தின் அமுக்கமானியே கூறிற்று. அறிவு உழைப்பவனின் கையிலிருந்து நிறுவனத்தின் ஏட்டுக்குப் பெயர்ந்தது.

அந்நிறுவனமோ மேலும் ஒன்றுதிரண்டது. தனியுரிமை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் 1907 இல் டியூபோன் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1912 இல் ஹேர்க்குலிஸ், அட்லஸ் என்னும் இரு நிறுவனங்கள் அதனின்று பிரிக்கப்பட்டன. ஆயினும் படைத்துறைக்கான புகையற்ற மருந்தாக்கம் மட்டும் நாட்டின் பாதுகாப்பைக் காரணங் காட்டி டியூபோனிடமே விடப்பட்டது. அரசு யாருடைய கருவி என்பதை இத்தீர்வு தெளிவாகவே காட்டுகின்றது.

6

இன்றைய மீள்நிரப்புவோரின் மருந்துகள் பலவும் போரின் எச்சங்களே. 4895 என்னும் மருந்து கராண்ட் படைத்துவக்குக்கென டியூபோன் ஆக்கியது. 4831 இருபது மில்லிமீற்றர் பீரங்கிக்கென ஆக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தொன்தொன்னாக எஞ்சிய மருந்தைக் கன்சாஸ் மாநிலத்தவரான புரூஸ் ஹொட்ஜ்டன் அரசிடமிருந்து வாங்கி, புகைவண்டிப் பெட்டியொன்றிலே களஞ்சியப்படுத்தி, பொழுதுபோக்காளருக்கு மலிவாக விற்றார். மனிதரைக் கொல்ல ஆக்கப்பட்டது பண்டமாகி, ஓய்வுநேரத் துணையாயிற்று. கையிருப்புத் தீர்ந்தபின் அதே எண் கொண்ட மருந்துகள் புதிதாக ஆக்கப்பட்டன. ஒரு காலத்தில் ஸ்கொட்லாந்திலிருந்தும் 4831 வந்தது.

இவ்விடத்திலேதான் புதியவர் மிகக் கவனமாயிருத்தல் வேண்டும். ஹொட்ஜ்டன் 4831 உம் ஐ.எம்.ஆர். 4831 உம் ஒரே எண்ணுடையவை. ஆனால் பின்னையது விரைந்து எரிவது. ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு இடலாகாது. மறுதலையாக, ஹொட்ஜ்டன் எச்.414 உம் வின்செஸ்ரர் 760 உம் வெவ்வேறு பெயருடைய ஒரே மருந்து. ஒரே பெயரில் இரு பொருள். இரு பெயரில் ஒரே பொருள். ஐ.எம்.ஆர். பெயரும் 2003 இல் ஹொட்ஜ்டன் நிறுவனத்துக்கே உரியதாயிற்று என்பதையும் சேர்த்து நோக்கினால், பண்ட மாயை என மார்க்ஸ் கூறியதற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

7

தெரிவு பிழைத்தால் யார் விலைகொடுப்பர் என்பதற்கு வியட்நாம் போர் சான்று பகரும். ஸ்டோனர் வடிவமைத்த றைபிள் நீள்குறுணை வடிவிலான ஐ.எம்.ஆர். மருந்துக்கேற்ப அமைந்தது. அதன் படைத்துறை வடிவமே எம்-16. 1964 இல் படைத்துறை நிருவாகம் உருண்டை மருந்துக்கு மாறியது. அவ்வகை மருந்து 1933 இல் வெஸ்டேர்ன் தோட்டா நிறுவனத்திலே உருவானது. முதலாம் உலகப் போரில் எஞ்சிய பீரங்கி மருந்தைப் பயன்படுத்தும் தேவையும் அதன் தோற்றத்துக்குக் காரணமாயிருந்தது. புதிய மருந்தால் துவக்கின் இயக்கவேகம் கூடியது. வாயுக்குழாயிற் கழிவு படிந்தது. தோட்டா அறைக்குக் குரோமப் பூச்சில்லை. துப்புரவுக் கருவிகளும் போதவில்லை. 1966, 1967 ஆம் ஆண்டுகளிலே போர்க்களத்தில் துவக்குகள் செயலிழக்க, கட்டாய ஆட்சேர்ப்பினால் அனுப்பப்பட்ட இளைஞர்கள் பயனற்ற துவக்குகளை ஏந்தியவாறே மாண்டனர். 1967 இல் காங்கிரசின் ஐக்கோர்ட் உபகுழு இதனை விசாரித்து, படைத்துறையின் மருந்துமாற்ற முடிவைக் கடுமையாகக் கண்டித்தது. அத்துவக்குகள் அந்நிய மண்ணிலே ஒரு தேசிய விடுதலைப் போராட்டத்தை ஒடுக்கவே ஏந்தப்பட்டன. ஏந்தியோரும் ஏவப்பட்டோரே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

8

ஆக, எந்த மருந்தைத் தெரிவது என்ற வினாவுக்கு அனுபவஸ்தர் கூறும் விடைகளை இப்போது வேறொரு வெளிச்சத்திலே நோக்கலாம். துவக்கின் தோட்டா வகைக்கும் சன்னத்தின் நிறைக்கும் உரியதென அச்சிட்ட கையேடு கூறும் மருந்தையே தெரிக. கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மேற்செல்க. உச்ச அளவிலே தொடங்கற்க. கூட்டின் பெரும்பகுதியை நிரப்பும் மருந்து புதியவருக்கு நன்று. தவறி இருமடங்கு இட்டால் அது பொங்கி வழிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். மேசையிலே ஒரு மருந்து மட்டும் இருக்கட்டும். பெயர் அழிந்த தகரத்தை நம்பற்க. மெதுவாக எரியும் மருந்தை மிகக் குறைத்து இடுவதும் ஆபத்தே.

இவ்விதிகள் ஒருவரது கூர்மதியிலே பிறந்தவை அல்ல. சிதறிய துவக்குகளும், இழந்த விரல்களும், ஆற்றைக் கடந்தவர்களும் எழுதிய விதிகள் இவை. பிலிப் ஷார்ப் 1937 இல் வெளியிட்ட பெருங்கையேடு முதலாக, அட்டவணைகளின் ஒவ்வொரு வரியும் பலரது உழைப்பின் திரட்சியாகும். தனிமனித சுதந்திரத்தின் அடையாளமாகப் போற்றப்படும் ஒரு பொழுதுபோக்கு, தனிமனிதன் எவனும் தனித்துப் பெறவியலாத சமூக அறிவிலேயே முழுமையாகத் தங்கியிருப்பது வரலாற்றின் முரண்நகை.

அவ்வறிவு அனைவர்க்கும் உரியது. அதன் ஆக்கமும் பயனுமோ சிலரது உடைமையாக உள்ளன. நுனியாவின் உவர்மண்ணிலிருந்து வண்ணக் குடுவை வரையுள்ள வரலாற்றின் அடிப்படை முரண்பாடு இதுவே. குடுவையின் மேலுள்ள எண்ணை வாசிப்பவர் அதன் பின்னாலுள்ள மனிதரையும் வாசிக்கப் பழகுதல் வேண்டும். தன் கையிலிருப்பது எதற்காக ஆக்கப்பட்டது என்பதை மறவாதவரே அதனை எச்சரிக்கையோடு கையாளவும், எவர்மீது அது நீட்டப்படுகிறது என வினவவும் வல்லவராவர்.