புது கேரவனில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையா?

ஆஸ்திரேலியாவில் காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது சகஜம். வண்டி புதுசு, ஆனா பிரேக் மட்டும் சொதப்புதா?

பல கேரவன்களில் இருப்பது மின்சார பிரேக். காரில் உள்ள கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்பும். சக்கரத்திலுள்ள காந்தம் பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும். புது ஷூ டிரம்மில் நன்கு படியும்வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும். பிறகு அதைச் சரிசெய்யவேண்டும். அதனால் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீங்க.

எப்படிச் சோதிப்பது?

காலியான இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். கார் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரை மட்டும் இயக்குங்கள். கேரவன் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் சரி. ஒன்றுமே நடக்கலையா? பிளக்கையும் எர்த் ஒயரையும் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டால் கன்ட்ரோலரின் அளவைக் குறையுங்கள்.

கேரவன் வாலாட்டுதா?

அதற்குப் பெரும்பாலும் பிரேக் காரணமில்லை. பின்பக்கம் சுமை அதிகம். கேரவன் எடையில் சுமார் 10 விழுக்காடு இணைப்புக் குமிழில் இறங்கவேண்டும். கனமான சாமான்களைச் சக்கரங்களுக்குமேல் தாழ்வாக வையுங்கள்.

ஆட ஆரம்பித்ததும் நம் கால் தானாக பிரேக்குக்குத்தான் போகும். அதுதான் ஆபத்து. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கன்ட்ரோலர்வழி கேரவன் பிரேக்கை மட்டும் மெல்லக் கொடுங்கள்.

சக்கரங்கள் தாங்கும் எடை 2,000 கிலோகிராமைத் தாண்டும் கேரவன்களுக்கு, இணைப்பு அறுந்தால் தானாகப் பிரேக் போடும் கருவி அங்கே கட்டாயம். அதன் பேட்டரியில் சார்ஜ் இருக்கான்னு கிளம்பும் முன் பாருங்கள்.