நாந்த் நகரத்துச் சீனிக் கணக்கு

பிரான்சின் மேற்குப் பக்கத்தில், லுவார் ஆற்றங்கரையில் இருக்கிற நகரம் நாந்த். பழைய கோட்டையில் இருந்து ஆற்றோர நினைவிடம் வரைக்கும் நடந்தால் இரண்டு கிலோமீட்டர் அளவுதான் வரும். வழியில் உள்ள இனிப்புக் கடைகளில் நிண்டு நிண்டு போனால் ஒரு முழு நாள் போயிடும். ஆனால் இனிப்பு வேற, வரலாறு வேற எண்டு பிரிச்சுப் பார்த்தால் இந்த நகரம் பிடிபடாது. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

கோட்டையில் இருந்து தொடங்குவம். பிரித்தானி கோமகன்களின் கோட்டை இது. 1598இல் நான்காம் ஹென்றி மன்னன் புரட்டஸ்தாந்துகளுக்கு வழிபாட்டுரிமை கொடுத்த பிரகடனம் இந்த நகரத்தின் பெயரில்தான் அறியப்படுகிறது. 1685இல் பதினான்காம் லூயி அதை ரத்துச் செய்தான். அதே வருசம்தான் அடிமைகளை ‘அசையும் சொத்து’ என்று வகுத்த ‘கறுப்புச் சட்டத்தையும்’ கொண்டுவந்தான். முதலாவதைக் கனபேர் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பினம். இரண்டாவதைப் படிச்சவை குறைவு.

கோட்டையைத் தாண்டினால் ஃபெய்தோ தீவு. இப்ப அது தீவில்லை. சுற்றி ஓடின ஆற்றுக் கிளைகளை இருபதாம் நூற்றாண்டில் மூடிவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல் முதலாளிகள் கட்டின வீடுகள் இன்னும் நிற்கின்றன. மணல் நிலம் என்றபடியால் சில வீடுகள் சரிந்தும் போயிருக்கின்றன. சன்னல்களுக்கு மேலே கல்லில் செதுக்கின முகங்களை அண்ணாந்து பாருங்கள். கடல் தெய்வங்களுக்கு நடுவில் ஆபிரிக்க முகங்களும் இருக்கும்.

இந்த வீடுகளுக்குக் காசு எங்கால வந்தது? நாந்தில் இருந்து கப்பல்கள் ஆபிரிக்கக் கரைக்குப் போயின. ஆட்களை வாங்குவதற்கு ஏற்றிக்கொண்டு போன சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணியும் மாலைதீவுச் சோழியும் இருந்தன. ஆக, எங்கட கடலும் இந்தக் கணக்குக்கு வெளியில் இல்லை. வாங்கிய மனிதர்களைக் கரிபியன் தீவுகளில் விற்று, அங்கே அடிமைகள் விளைவித்த சீனியையும் கோப்பியையும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் திரும்பி வந்தன. பிரான்சின் அடிமை வியாபாரத் துறைமுகங்களில் நாந்த்தான் முதலிடம். நான்கு இலட்சத்துக்கும் கூடுதலான மனிதர்கள் இதன் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள்.

இனி லா ஃபோஸ் வீதிக்கு வருவம். 1823இல் தொடங்கின ஓர் இனிப்புக் கடை இங்கே இருக்கிறது. அதன் பழைய உள்ளலங்காரமே பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம். இந்த ஊரின் பெயர்பெற்ற இனிப்புகள் பல: நிறம் நிறமான ‘பெர்லங்கோ’ சீனி இனிப்பு, உள்ளே பழக்கூழ் வைத்த ‘ரிகொலெத்’. எல்லாத்துக்கும் மேல நாந்த் கேக். பாதாம், வெண்ணெய், முட்டை, கொஞ்சம் மா, சீனி, ரம். மேலே வெள்ளைச் சீனிப் பூச்சு. வெண்ணெய் பிரித்தானியின் சொத்து. சீனியும் ரம்மும் கரிபியனின் கரும்பில் இருந்து வந்தவை. கப்பல் வந்த வழி முழுக்க அந்த ஒரு துண்டுக்குள் இருக்கிறது.

இதை ஒத்துக்கொள்ள நகரத்துக்குக் கனகாலம் எடுத்தது. 1985இல், கறுப்புச் சட்டத்தின் 300ஆவது ஆண்டையொட்டிய நிகழ்வுகளுக்கு நகரசபை ஆதரவு தரவில்லை. 1992இல்தான் கோட்டைக்குள்ளே அடிமை வியாபாரம் பற்றிய பெரிய கண்காட்சி திறக்கப்பட்டது. 1998இல், அடிமை ஒழிப்பின் 150ஆவது ஆண்டில் ஆற்றங்கரையில் ஒரு சிலை வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே ஆரோ அதைச் சேதப்படுத்திப் போட்டார்கள். அந்த இடத்தில் நிரந்தர நினைவிடம் வேண்டும் என்ற முடிவு அதுக்குப் பிறகுதான் வந்தது. 2012இல் அது திறக்கப்பட்டது.

ஆற்றோர நடைபாதையில் 2,000 கண்ணாடிப் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் 1,710இல் கப்பல் பயணங்களின் பெயரும் திகதியும். மற்றவற்றில் துறைமுகங்களின் பெயர்கள். ஏற்றப்பட்ட மனிதர்களின் பெயர்கள் இல்லை. நினைவிடம் கட்டினவர்கள் மறந்ததால் அல்ல. முதலாளிகள் கப்பலுக்குப் பெயர் எழுதினார்கள், மனிதருக்கு எண்ணிக்கையும் விலையும் மட்டும் எழுதினார்கள். எழுதினவனின் கொப்பியை வைத்துத்தான் நாங்கள் வரலாறு படிக்கிறம்.

நாந்த் கேக் சாப்பிடவே கூடாது எண்டு நான் சொல்ல வரவில்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரை வரைக்கும் நடக்க வேணும் என்பதுதான் என்ர கட்சி. கடையில் நிண்டவர்கள் எல்லாரும் அந்தப் பலகைகளுக்கு மேலேயும் நடந்து பார்த்தால், நகரத்தின் கணக்கில் விடுபட்ட பக்கம் எது எண்டாவது தெரியவரும்.