திரை மீது விழுந்த கல்

சங்கரன்கோவில் வட்டத்து மேலநீலிதநல்லூரில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மலைத்தொடர் தெரியும். அம்மலைக்கு அப்பால் இருந்தது பழைய திருவாங்கூர். மன்னர் ஆண்ட நாடு என்று ஏடுகள் கூறும். உண்மையில் அங்கே ஆண்டது சாதி! மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் போராடி, 1859இல் அரசாணை பெற வேண்டியிருந்த நாடு அது. பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டியதையே 1893இல் அய்யன்காளி ஒரு புரட்சியாகச் செய்ய வேண்டியிருந்த நாடும் அதுவே. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக 1924இல் வைக்கத்தில் போர் மூண்டது. நம் பெரியார் அங்கு சென்று இருமுறை சிறை புகுந்தார். 1936இல்தான் ஆலயக் கதவு திறந்தது.

வைக்கத்துக்கும் ஆலய நுழைவுக்கும் இடைப்பட்ட அந்நாளில், அதே நாட்டில், ஒரு பெண் திரையில் தோன்றினார். அதற்காக அவர் வீட்டையும் ஊரையும் பெயரையும் இழந்தார். அவர்தாம் மலையாளத் திரையின் முதல் கதாநாயகி, பி.கே. ரோசி.

திருவனந்தபுரத்து நந்தன்கோட்டில், 1903இல், புலையர் குடியில் பிறந்தவர் அவர். வறுமை உடன்பிறந்தது, புல்லறுத்துப் பிழைத்த குடும்பம். ஆயினும் கலை அவரை ஈர்த்தது. தமிழும் மலையாளமும் கலந்து நடைபெறும் காக்காரிசி நாடகத்தில் அவர் நடித்தார். நம் குறவஞ்சியைப் போல, ஊர் ஊராய்த் திரியும் எளிய மக்களை மேடையேற்றும் கூத்து அது. தம்புரான் அதிகாரத்துடன் கேள்வி கேட்பார். காக்கான் எள்ளி நகையாடி விடையளிப்பான். உழைப்பவன் வாய் திறக்கக் கூடாத நாட்டில், அவன் வாய் திறந்து பேசிய இடம் அம்மேடை ஒன்றே!

அந்நாளில் ஜே.சி. டேனியல் என்னும் இளைஞர் திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற படநிலையத்தை நிறுவினார். நாடார் குலத்துக் கிறித்தவர். சொந்த நிலத்தை விற்று முதல் திரட்டியவர். நாடெங்கும் புராணப் படங்கள் பெருகிவந்த காலத்தில், தேவரையும் அசுரரையும் விட்டுச் சமூகக் கதை ஒன்றை அவர் எடுத்தார். அதுதான் ‘விகதகுமாரன்’ என்னும் பேசாப் படம். கதாநாயகி சரோஜினி, நாயர் குலப்பெண். அப்பாத்திரத்திற்கு ரோசியைத் தேர்ந்தார் டேனியல்.

பெண் வேடத்திற்குப் பெண் கிடைப்பதே அரிதாயிருந்த காலம் என்பதை மறத்தலாகாது. 1913இல் ‘அரிச்சந்திரா’ எடுத்த பால்கே, சந்திரமதியாக நடிக்க ஒரு பெண்ணும் கிடைக்காமல் சாளுங்கே என்னும் ஆடவருக்குச் சேலை கட்டினார். ‘நடிப்பவள் குலமகள் அல்லள்’ என்றது வைதிகம். ஆடவன் சேலை கட்டினால் கலை. பெண்ணே சேலை கட்டி வந்தால் களங்கம்! இந்த விந்தை நீதியை என்னென்பது?

திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டது. நடித்த ரோசியோ அவ்விழாவில் உடனிருந்து காண முடியவில்லை. உயர்ந்தோர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டோர் அவர் அருகே அமரக் கூசினர் என்று அவர் வரலாற்றை ஆய்ந்தோர் எழுதுகின்றனர். திரையில் நாயகன், நாயகியின் கூந்தற்பூவை முத்தமிடும் காட்சி வந்தது. எழுந்தது கூச்சல்! பறந்தன கற்கள்! திரை கிழிந்தது. புலையர் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றுவதா என்பதே அவர்தம் சினம். கல் திரையோடு நிற்கவில்லை, குடிசைக்கும் வந்தது. குடிசைக்குத் தீ மூட்டப்பட்டது.

தோழர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். திரையில் நின்றவர் புலையர் என்பதைக் காட்டியது எது? முகமா? நிறமா? நடையா? இல்லை. நல்ல சேலையும் நகையும் அணிந்தபோது அவர் சரோஜினியாகவே காணப்பட்டார். ஊரார் வாய்தான் அவரைப் ‘புலையர்’ என்றது. பிறப்பின் உயர்வு தாழ்வு உடலில் எழுதப்பட்டிருக்குமாயின், ஓர் ஏழைப்பெண் ஆடை மாற்றியதும் அது மறைந்தது எப்படி? சாதி என்பதே ஆடைதான், அணிவித்து வைத்த வேடந்தான் என்பதை அத்திரை மெய்ப்பித்துவிட்டது. அம்மெய்யைப் பொறுக்க முடியாதவர்கள்தாம் கல்லை எடுத்தார்கள். விடை கூற இயலாதவனின் கடைசி வாதம் கல்!

அதே காலத்தில் நம் தமிழகத்தில் டி.பி. ராஜலட்சுமி இருந்தார். சிறுமியாயிருக்கையிலேயே மணக்கொடுமைக்கு ஆளானவர். அதை உதறி மேடையேறினார். 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியானார். 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே இயக்கினார். ‘சினிமா ராணி’ என்று நாடு அவரைப் போற்றியது. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் சட்டமன்ற மேலவையில் அமர்ந்தார். இவர்கள் வென்றது நமக்குப் பெருமையே. ஆனால் பெண் என்னும் தளை ஒன்றை அறுத்தவர்க்கு அரியணை கிட்டியது; பெண், புலையர் என்னும் இரு தளைகளையும் ஒருங்கே அறுக்க முயன்றவர்க்குத் தீயே கிட்டியது.

ரோசி இரவோடிரவாக ஒரு லாரியில் ஏறித் தப்பினார். தமிழ் வழங்கும் நாகர்கோவில் பக்கம் அடைக்கலம் தந்தது. அந்த லாரியின் ஓட்டுநரையே, சாதி கடந்து, மணந்தார். ராசம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். திரையை மீண்டும் தீண்டவில்லை. டேனியலும் பொருளிழந்து, படநிலையத்தை மூடி, பல் மருத்துவராகிக் குமரி மாவட்டத்து அகத்தீசுவரத்தில் 1975இல் மறைந்தார்.

பின்னர் உலகம் விழித்தது. விழித்ததிலும் வரிசை உண்டு! டேனியல் பெயரால் கேரள அரசு விருது நிறுவியது 1992இல். ரோசியின் துயரம் ‘செல்லுலாய்டு’ படமாகப் பரவலாக அறியப்பட்டது 2013இல். 2019இல் கேரளத் திரைப் பெண்கள் அவர் பெயரால் ஒரு திரைப்படக் கழகம் தொடங்கினர். 2022இல் சென்னையில் அவர் பெயரால் திரைவிழா நடந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் உருவை வரைந்தது. வரையத்தான் முடிந்தது, ஏனெனில் படச்சுருளும் அழிந்தது, ஐயமற்ற ஒளிப்படம் ஒன்றும் எஞ்சவில்லை. முதல் நாயகியின் முகத்தையே ஒரு நாடு தொலைத்துவிட்டது!

இது மலைக்கு அப்பால் நடந்த பழங்கதை என்று எவரும் கைகழுவ வேண்டா. மதவெறியர் பிடியிலிருந்த சுவாத் பள்ளத்தாக்கின் மிங்கோரா நகரில், 2009இல், சபானா என்னும் நடனமாது கொல்லப்பட்டார். அங்கே மதம், இங்கே சாதி; கை வேறு, கல் ஒன்று. நம் ஊர்க் கோயில் கொடைகளில் கரகம் ஆடும் பெண்ணை எண்ணுங்கள். விடியவிடிய அவர் ஆட்டத்தைக் கண்டு களிப்போர், கீழே நின்று அவர் குலத்தையும் ஒழுக்கத்தையும் ஏசுவதில்லையா? ரூபாய்த் தாளைக் குத்திவிடும் சாக்கில் கை நீட்டுவதில்லையா? அந்த ஏச்சும் கல்தான். அந்தக் கையும் தீதான்.

இளைஞர்களே, ரோசிக்குச் சிலை எழுப்பச் சொல்லி நாம் உங்களை அழைக்கவில்லை. உங்கள் ஊர் மேடையில் ஆடும் பெண்ணுக்கு ஏச்சு எழும்போது எழுந்து நின்று தடுங்கள். தொழில் முடித்தவருக்குப் பேசிய கூலியும், உட்கார நாற்காலியும், உடனிருந்து உண்ணும் பந்தியும் கிடைக்கச் செய்யுங்கள். எந்த விழாவில் அவர் அமர முடியாமற் போனதோ, அந்த விழாவை நடத்தும் பொறுப்பு இன்று உங்கள் கையில் இருக்கிறது.